படம் வரட்டும், பொருள் வேண்டாம்: பழைய ராணுவ ரிவால்வரை மதிப்பிடும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒருவன் பழைய பொருள் சேர்க்கிறான் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், வாசலில் ஒரு பிஸ்கட் டின் வந்து நிற்கும். உள்ளே ஜப்பான் காலத்து நோட்டு இருக்கும், துருப்பிடித்த ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி இருக்கும், தாத்தா வைத்திருந்த செக்ரோல் என்னும் வேலையாள் வருகைப் புத்தகத்தின் கிழிந்த பாதி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அண்ணே, பழைய ரிவால்வர் ஒண்ணு இருந்தா என்ன விலை போகும்?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி காலை இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் பிரகடனமான அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு வருஷமும் துரைமார் இடுப்பில் ரிவால்வரோடு பால்மரங்களுக்கு நடுவே நடந்தார்கள். அதற்கு முன்பு ஜப்பான்காரன் மூன்றரை வருஷம் இருந்துவிட்டுப் போனான். பங்களாக் கூரைக்குள் இருக்கிறது, கிணற்றில் கிடக்கிறது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கதை உண்டு.

கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடுவதற்கு முன்பு

மலேசியாவில் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின்படி 14 வருஷம் வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத ரோத்தான் (பிரம்பு) அடி. "தாத்தா காலத்துப் பொருள், வேலையே செய்யாது" என்பதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேலை செய்யுமா செய்யாதா என்று முடிவு செய்ய வேண்டியது போலீஸ், நீங்களோ நானோ இல்லை. அசலைப் போலச் செய்த பொம்மைத் துப்பாக்கிக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. அதனால் "அப்போ டம்மி வாங்கி சுவரில் மாட்டிக்கலாமா?" என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

உண்மையிலேயே ஒன்று அகப்பட்டால் தொடாதீர்கள். திறந்து பார்க்காதீர்கள். விசையை இழுத்துப் பார்ப்பது கூடவே கூடாது, எழுபது வருஷத்துத் தோட்டா உள்ளே இருக்கலாம். துணியில் சுற்றி மோட்டாரில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதும் தப்பு, வழியில் சாலைத் தடுப்பில் மாட்டினால் விளக்கம் சொல்லி மாளாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். அவசரகாலத்தில் இதே குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை இருந்தது. பெரியவர்கள் அதைப் பற்றி இன்னும் மெதுவாகவே பேசுவதற்கு அதுதான் காரணம்.

சரி, அப்புறம் யாருக்கு இந்த மதிப்பீடு? சட்டப்படி வாங்கக்கூடிய நாட்டில் இருக்கும் உறவினர் ஏலத்துப் படத்தை அனுப்பி "வாங்கலாமா?" என்று கேட்கும்போது இது உதவும். போர்ட் டிக்சன் ராணுவ அருங்காட்சியகத்திலோ கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகத்திலோ கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துப் பழகவும் உதவும். நான் கற்றுக்கொண்டது இந்த இரண்டு வழியில்தான். ஒரு ரிவால்வரைக்கூட என் வீட்டு வாசற்படி தாண்ட விட்டதில்லை.

முதல் வேலை: பெயரைக் கண்டுபிடிப்பது

மலாயாவோடு சம்பந்தப்பட்டது என்று சொல்லி விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கும்.

பெரிய வெப்லி. பர்மிங்காமில் செய்தது, .455 அளவுத் தோட்டா. மேல் தாழ்ப்பாளைத் தள்ளினால் குழல் முன்பக்கமாகக் கவிழ்ந்து, காலித் தோட்டாக்களைத் தானே வெளியே தள்ளும். 1887இல் மார்க் 1, 1894இல் மார்க் 2, 1897இல் மார்க் 3, 1899இல் மார்க் 4, 1913இல் மார்க் 5, 1915இல் மார்க் 6 என்று வரிசையாக வந்தன. மார்க் 6ஐ தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஆறு அங்குலக் குழல், கையில் பிடிக்கும் பகுதி கிளி மூக்கு போல வளையாமல் சதுரமாக முடியும், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். முதல் உலகப்போருக்காக லட்சக்கணக்கில் செய்யப்பட்டது என்பதால் மார்க் 6 அபூர்வம் இல்லை. "அபூர்வ வெப்லி மார்க் 6" என்று தலைப்புப் போட்டு விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

என்ஃபீல்டு நம்பர் 2. 1932இல் ஏற்கப்பட்டது, தோட்டா .38 அளவு. பார்ப்பதற்கு வெப்லியின் தம்பி மாதிரி இருக்கும். அந்தச் சாயலை வைத்தே வெப்லி கம்பெனி அரசாங்கத்திடம் பணம் கேட்டது. 2,250 பவுன் கேட்டு 1,250 பவுன்தான் கிடைத்தது.

சின்ன வெப்லி, அதுவும் .38. நம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியது இது. சிங்கப்பூர் போலீசுக்குப் போனவற்றில் பாதுகாப்புத் தாழ் ஒன்று வைத்திருந்தார்கள். ரிவால்வரில் அப்படி ஒரு தாழ் இருப்பதே வழக்கமில்லை. அதைப் பார்த்தால் காலனி போலீஸ் வரலாறு உடனே ஞாபகத்துக்கு வர வேண்டும்.

அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்கு வந்தது. வரிசை எண் 'வி' என்ற எழுத்தில் தொடங்கும். பளபளப்பில்லாத சாம்பல் நிறம்.

ஐந்தாவது ஜப்பானின் 26ஆம் வகை. மெய்ஜி ஆட்சியின் 26ஆம் ஆண்டு, அதாவது 1893. ஏறத்தாழ 59,000 செய்தார்கள். ரிவால்வரின் உடலான இரும்புச் சட்டத்தின் வலப்பக்கம் ஐந்து சீன எழுத்துகளும், அதன் மேல் நாலு வட்டம் பின்னிக்கொண்டிருக்கும் டோக்கியோ ஆயுதசாலை முத்திரையும் இருக்கும். தோட்டாவை அடிக்கும் சுத்தி இறங்கியிருக்கும்போது, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் பூட்டிக்கொள்ளாமல் தடையின்றிச் சுழலும். இதைப் பழுது என்று நினைத்து விலை குறைத்துக் கேட்பவர்கள் உண்டு. அது பிறவிக் குணம், பழுது இல்லை.

முத்திரைகளைப் படிப்பது

மதிப்பீட்டில் முக்கால் பங்கு இதுதான். இரும்பின் மேல் அடித்திருக்கும் முத்திரைகள் அதன் பிறந்த நாள் முதல் கைமாறிய நாள் வரை சொல்லும். படம் கேட்கும்போது பிளாஷ் போடாமல், டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடு சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

முதலில் தேட வேண்டியது அம்பு. காக்காய்க் கால் மாதிரி மூன்று கோடு. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளம் அது. அந்த அம்பு இரண்டு, மூக்கோடு மூக்கு முட்டி நின்றால், அரசாங்கம் அதைத் தன் கணக்கிலிருந்து கழித்து விற்றுவிட்டது என்று அர்த்தம். அம்பே இல்லையென்றால் போலி என்று அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து ஆபீசர்கள் தங்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். அப்படி வாங்கியதில் லண்டன் கடையின் பெயர் இருக்கும். சொல்லப்போனால் அந்த மாதிரிக்குத்தான் விலை கூடுதல், ஒரு ஆளின் பெயரோடு இணைக்க வழி இருக்கிறது பாருங்கள்.

பெரிய வெப்லியில் மார்க் எண்ணும் ஆண்டும் இடப்பக்கம் இருக்கும். என்ஃபீல்டில் கிரீடம், பெயர், வகை, ஆண்டு எல்லாம் வலப்பக்கம். என்ஃபீல்டு வகை எண்ணுக்குப் பின்னால் நட்சத்திரம் இருக்கிறதா என்று எண்ணுங்கள், அதில்தான் காசு இருக்கிறது. நட்சத்திரம் இல்லாத மார்க் 1இல் கட்டைவிரலால் இழுப்பதற்குச் சுத்தியில் ஒரு வால் இருக்கும். 1938இல் வந்த ஒற்றை நட்சத்திரத்தில் அந்த வாலை எடுத்துவிட்டார்கள். பழைய மார்க் 1கள் பழுதுபார்ப்புக்கு வந்தபோது அவற்றின் வாலையும் வெட்டினார்கள். அதனால் வெட்டுப்படாமல் தப்பித்த மார்க் 1 குறைவு, அதற்கு விலை அதிகம். 1942இல் வந்த இரட்டை நட்சத்திரத்தில் அவசரத்துக்காகச் சுத்தியின் பாதுகாப்புத் தடையையே விட்டுவிட்டார்கள். கீழே விழுந்தால் வெடிக்கும் ஆபத்து இருந்ததால் போர் முடிந்ததும் திரும்ப வாங்கி மாற்றினார்கள். மாறாமல் இருப்பது இன்னும் அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்த முத்திரை ஒன்று உண்டு. சில என்ஃபீல்டு பாகங்களில் எஸ்.எஸ்.எம். என்று இருக்கும். சிங்கர் தையல் மெஷின் கம்பெனி. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலை போர்க்காலத்தில் ரிவால்வர் பாகங்களைச் செய்தது. நம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் ஜன்னல் ஓரமாக இருந்த அதே சிங்கர்தான். என் அம்மாவிடம் சொன்னபோது நம்பவே இல்லை.

இன்னும் இரண்டு. 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் அடித்திருந்தால் அது அமெரிக்காவில் மொத்தமாக இறக்குமதியானது என்று எடுத்துக்கொள்ளலாம், பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது அங்கே சுங்க விதி. எழுத்துகள் கோணல் மாணலாக, ஆங்கில 'என்' இடம் வலம் மாறி, கிரீடம் குழந்தை வரைந்தது போல இருந்தால் கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைப் பிரதி. அவற்றையும் விரும்பிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெப்லி விலைக்கு இல்லை.

எண்கள் ஒத்துப்போகின்றனவா

இரும்புச் சட்டம், குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். மூன்றையும் தனித்தனிப் படமாகக் கேளுங்கள். "எல்லாம் ஒத்துப்போகிறது" என்று விற்பவர் எழுதியிருந்தால், இரண்டு மடங்கு அக்கறையோடு கேளுங்கள். சிலிண்டர் மட்டும் வேறு எண் என்றால் ராணுவப் பட்டறையிலேயே மாற்றியிருக்கலாம், அது பெரிய பாவம் இல்லை, விலை கொஞ்சம் இறங்கும். பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் அடித்திருந்தால் அந்த ஏலத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மேற்பரப்பு அசலா, புதுப் பூச்சா

துருவைத் தடுக்க இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சைப் புதிதாக ஏற்றிய ரிவால்வர் படத்தில் அழகாகத்தான் இருக்கும். சேகரிப்பாளருக்கு அது மேக்கப் போட்ட முகம். விளிம்புகளைப் பாருங்கள். அசலில் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், மெஷினில் மெருகேற்றியதில் சோப்புக்கட்டி போல உருண்டிருக்கும். திருகாணி உட்காரும் குழியின் ஓரம் கிண்ணம் போலச் சரிந்திருந்தால் தேய்த்திருக்கிறார்கள். முத்திரை எழுத்தின் ஓரம் மங்கி, அதற்குள்ளும் புதுக் கறுப்பு இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். துருக்குழியின் மேல் நீலம் பளபளத்தாலும் அப்படித்தான். துரு வந்த பிறகுதானே பூச்சு வந்திருக்க வேண்டும்.

திருகாணித் தலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டு சிதைந்திருந்தால் யாரோ சமையலறை ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிடியின் இருபக்கத் தகடு மார்க் 6இல் கறுப்பு எபொனைட் (இறுகிய ரப்பர்) மாதிரி, சதுரக் கோடு போட்டது. என்ஃபீல்டு மார்க் 1இல் மரம், பிற்பாடு வந்தவற்றில் பேக்லைட் என்னும் பழைய பிளாஸ்டிக். வெப்லியில் தந்தப் பிடி என்றால் யாரோ பின்னால் அலங்காரம் செய்திருக்கிறார்கள்.

நம் ஊர் ஈரத்தில் கிடந்த இரும்பு செம்பழுப்பாக மாறும். அந்த நிறம் சமமாகப் படிந்திருந்தால் அது குறை இல்லை, வயது. தேய்த்து வெள்ளையாக்குபவர்தான் விலையைக் கெடுக்கிறார். எந்தப் பழைய பொருளையும் சுத்தம் செய்யாதீர்கள் என்று நான் கத்தாத நாளில்லை.

உள்ளே கைவைத்திருக்கிறார்களா

.455 வெப்லிகளுக்கு நடந்த பெரிய கொடுமை இது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் உபரியாக அமெரிக்கா போனவற்றுக்கு அங்கே .455 தோட்டா எளிதில் கிடைக்கவில்லை. .45 தானியங்கித் துப்பாக்கித் தோட்டா கடைக்குக் கடை கிடைத்தது. அது உட்காருவதற்காகச் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி எடுத்தார்கள். இரண்டு விதத்தில் நஷ்டம். ஒன்று, அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லி தாங்கும் அளவைவிட அதிகம். இரண்டு, சேகரிப்பாளர் கண்ணில் அது காது அறுத்த பசு. பக்கவாட்டுப் படத்தில் சிலிண்டருக்கும் பின் சுவருக்கும் நடுவே இடைவெளி கூடுதலாகத் தெரியும். பின்பக்கப் படம் கேளுங்கள், தர மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

இயக்கத்தைச் சோதிப்பது, குழலுக்குள் துருக்குழி பார்ப்பது, தாழ்ப்பாள் ஆட்டம் பார்ப்பதெல்லாம் அந்தந்த நாட்டில் உரிமம் உள்ள துப்பாக்கிக் கைவினைஞர் கையில் எடுத்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது, நான் சொல்வதும் இல்லை.

கதையை நிறுத்துப் பார்ப்பது

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் நடுராத்திரி போன் செய்தான். "மாமா, பேராக்குல இருந்த ஒரு துரையோட வெப்லி ஏலத்துக்கு வருது. கம்யூனிஸ்ட் காலம் முழுக்க அவர் இடுப்புல இருந்துச்சாம். நம்ம ஊரு பொருள் மாமா, விடக்கூடாது."

படங்களை அனுப்பச் சொன்னேன். மார்க் 6, ஆண்டு 1917. இரண்டு அம்பு மூக்கோடு மூக்கு. இதுவரை சரி, அரசாங்கம் கழித்ததை ஒரு துரை வாங்கியிருக்கலாம். அடுத்த படத்தில் 'இங்கிலாந்து' முத்திரை. அதற்கடுத்து, கெஞ்சி வாங்கிய பின்பக்கப் படம். சிலிண்டர் சீவியது, சீவிய இடம் வெள்ளையாக மின்னியது. மொத்த இறக்குமதியில் அமெரிக்கா போய் அங்கேயே வெட்டுப்பட்ட ரிவால்வர், அதே வருஷங்களில் பேராக்கில் துரை இடுப்பில் எப்படித் தொங்கும்? காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்கச் சொன்னேன். விற்பவர் குடும்பத்தில் அப்படிச் சொல்வார்களாம். அவ்வளவுதான்.

இப்படி எண்ணிப் பாருங்கள்: முத்திரைகள் சொல்லும் பயணத்துக்குள் கதை உட்கார இடம் இருக்கிறதா? இடம் இருந்தாலும் காகிதம் வேண்டும். ஆபீசர் பெயர் பொறித்திருந்தால் பிரிட்டிஷ் ராணுவப் பட்டியலிலும் லண்டன் கெஜட்டிலும் தேடலாம். முதல் உலகப்போர் ஆபீசர்களின் கோப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. துப்பாக்கி எண்ணோடு கூடிய பழைய உரிமம், அதே எண் குறித்த கடிதம், இவைதான் விலையைத் தூக்கும். "தாத்தா சொன்னார்" என்பதற்கு ஒரு வெள்ளிகூட ஏறாது. அந்தப் பையன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அது வேறு விஷயம்.

விலைக்கு வருவோம்

ஒரே ரிவால்வர், சட்ட நிலை மாறினால் விலை மாறும். அமெரிக்காவில் 1898 வரை செய்தவை மத்தியச் சட்டப்படி பழம்பொருள், அதனால் ஆரம்பகால வெப்லிகளுக்கு அங்கே தனிக் கிராக்கி. 1917ஆம் ஆண்டு மார்க் 6க்கு அந்தச் சலுகை கிடையாது. பிரிட்டனில் 1997க்குப் பிறகு கைத்துப்பாக்கி வைத்திருப்பதே கிட்டத்தட்ட முடியாத காரியம். அங்கே பொதுவாகக் கைமாறுவது செயலிழக்கச் செய்து சான்றிதழ் பெற்றவை. 2016இல் அந்த விதி கடுமையானது. பழைய முறையில் செயலிழக்கச் செய்ததைப் புது முறைக்கு மாற்றாமல் விற்க முடியாது. ஆகவே சான்றிதழின் தேதியைப் பாருங்கள்.

ஒப்பிடும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் விற்று முடிந்த விலையை எடுங்கள். அதே மார்க், அதே சட்ட நிலை, அதே அளவு அசல் பூச்சு. அப்படி நாலைந்து கிடைத்தால் நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டு, சீவிய சிலிண்டர், பொருந்தாத எண், புதுப் பூச்சு ஒவ்வொன்றுக்கும் இறக்குங்கள். ஏலக் கம்பெனியின் கமிஷன் மேலே ஏறும், அதையும் மறக்க வேண்டாம். எங்கே இருந்தாலும் இந்த நாட்டுக்குத் தபாலில் அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம்.

நம் வீட்டில் வைக்கக்கூடியது

ரிவால்வரைச் சுற்றி இருந்தவற்றைச் சேர்ப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி. கித்தான் உறை, இடுப்பு வார், கழுத்துக் கயிறு, பயிற்சிக் கையேடு, அவசரகாலப் பணிக்காகக் கொடுத்த 'மலாயா' பட்டை கொண்ட பதக்கம். தோட்டா மட்டும் வேண்டாம், காலியாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை. மதிப்பிடும் முறை இங்கேயும் அதேதான்: முத்திரை, ஆண்டு, அசல் நிலை, காகிதம். கித்தான் உறையின் மூடியைத் திருப்பினால் உள்பக்கம் கறுப்பு மையில் கம்பெனிப் பெயர், ஆண்டு, அம்பு மூன்றும் இருக்கும். பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்.

போன மாதம் வந்த பிஸ்கட் டின்னில் அப்படி ஒரு உறை. கொண்டுவந்தவர் பழைய தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் மகன், எழுபது வயதுக்கு மேல். பங்களா இடித்தபோது கிடைத்ததாம். பித்தளைப் பொத்தானைத் திறந்து மூடியைத் திருப்பினேன். வெளிறிய வெள்ளைத் துணி.

"ஐயா, இதைத் துவைச்சீங்களா?"

"உங்ககிட்ட கொண்டாறோமேன்னு மருமக நேத்துதான் சவக்காரம் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சா. நல்லா பளிச்சுனு இல்ல?"

ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அம்பின் ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் நாலு என்ற எண், அதற்கடுத்து இரண்டோ மூன்றோ. கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பிரஷ் போன தடம்தான் இருந்தது.

"எவ்வளவு தேறும் தம்பி?" என்றார். நேற்று முன்தினம் வந்திருந்தால் இன்னும் ஒரு மடங்கு சொல்லியிருப்பேன் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, அவருக்கு ஒரு கோப்பி கலக்க எழுந்தேன்.